சிவப்பு வண்டி வாங்கும் முன்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. மாறவில்லை. உன் எண் என் போனில் ஒலிக்காதபடி வைத்து ஏழு வருடம் ஆகிறது, அது அப்படியேதான் இருக்கும். உன் குரலைக் கேட்டால் எனக்கு ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்த கட்டில்தான் கண்முன் வரும். கடைசி மூன்று நாளும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நீ போனில், "பாதி வழி வந்துட்டேன்கா" என்றாய். மறுநாள் கேட்டால் அன்றைக்கும் பாதி வழி. பட்டறையை விட்டு நீ கிளம்பவே இல்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஏன் என்று நீ இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

இப்போது எழுதக் காரணம் என் மகள், வாண்டு. உனக்கு அவள் இன்னும் வாண்டுதான். இங்கே அவளுக்கு இருபத்தாறு வயது, பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள், என்னைவிட அரை அடி உயரம், வாய் மட்டும் அன்றைக்கு இருந்த அதே நீளம். அவள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறாளாம். புதிது இல்லை, பதினாறு வருடப் பழசு. சிவப்பு. இரண்டே இருக்கை. இரண்டு வருடமாக ஓவர்டைம் பார்த்தது இதற்குத்தான் என்று போன வாரம்தான் வாயைத் திறந்தாள். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு கூட்டமாகச் சேர்ந்து மலைப் பாதையில் ஏற்றி இறக்குவார்களாம். படத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை.

வேண்டாம் என்றால் கேட்கிற பிள்ளையா அவள்? சரி, வாங்குவதாவது பார்த்து வாங்கட்டும். விற்பவர் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய செண்ட் வந்துவிடும், அதனால் நாங்கள் அவரைச் செண்ட்டுக்காரர் என்கிறோம். பேச்சில் தேன் ஒழுகுகிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

நான் பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தைக்கிறவள். வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அடிபட்ட வண்டியை நிமிர்த்தித் தகடு மாற்றிப் பெயிண்ட் அடிக்கிறது உன் தொழில். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா

*

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எழுதவில்லை. வாண்டு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள் என்பதை மட்டும் நாலு தடவை படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். இந்த மாதிரி வண்டியை யாரும் காய்கறி வாங்க ஓட்டியிருக்க மாட்டார்கள். பதினாறு வருடத்தில் நாலைந்து பேர் கை மாறியிருக்கும், நாலைந்து பேரும் மிதித்திருப்பார்கள். எங்கேயாவது இடித்திருக்கும். இடித்ததா என்று கேட்காதே, எங்கே இடித்தது, யார் சரி செய்தது என்று கேள். "ஒரு கீறல்கூட இல்லங்க" என்று சொல்கிறவன் காதில் பூ சுற்றுகிறான்.

வருகிறேன் என்று சொல்லாமல் காலையில் போ. போனதும் பேனட் மேல் உள்ளங்கையை வை. சூடாக இருந்தால் உனக்கு முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறான், ஆறிய இன்ஜின் காட்டுகிற கோளாறை மறைக்கிறான் என்று அர்த்தம். அப்படியே திரும்பி வந்துவிடு. ஆறியிருந்தால் வாண்டுவை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீ பின்னால் நில். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஆயில் மூடியைத் திருகித் திறந்து உள்பக்கம் பார். பால் ஆடை மாதிரி இருந்தாலும் அதே சங்கதிதான்.

மீட்டர் காட்டுகிற கிலோமீட்டரை நம்பாதே, அதைத் திருப்ப அரை மணி நேரம் போதும். பிரேக் மிதியின் ரப்பரையும் இருக்கையில் ஏறி இறங்குகிற பக்கத்து ஓரத்தையும் பார். குறைவாக ஓடிய வண்டியில் அவை தேய்ந்திருக்காது. இன்ஜின் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேள், வாயால் சொன்னால் ஏற்காதே. டயர் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வண்டி கோணல். ஆள் இல்லாத நேர் சாலையில் ஒரு விநாடி ஸ்டீயரிங்கை விட்டுப் பார்க்கச் சொல், ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. சேசிஸ் எண்ணை ரிஜிஸ்ட்ரேஷனோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்.

இனி வருவது உன்னால்தான் முடியும், மெக்கானிக்குகூடச் சரியாகப் பார்க்கமாட்டான். கடையில் சிந்திய ஊசி பொறுக்கக் காந்தம் வைத்திருப்பாயே, அதை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போ. பெயிண்ட் மேல் மெதுவாக நகர்த்து. எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே அடிபட்டதை மறைக்கத் தகட்டுக்கு மேல் கனமாகப் பட்டி பூசியிருக்கிறார்கள். பேனட், கதவு, டிக்கி எல்லாவற்றின் இடைவெளியையும் இரண்டு பக்கமும் இஞ்ச் டேப் வைத்து அள. சாய்ந்த வெயிலில் நிறத்தைப் பார், மழையில் பார்க்காதே, ஈரம் எல்லாவற்றையும் அழகாக்கிவிடும். கடைசியாக, இருக்கைக்குப் பின்னால் தரை விரிப்பைத் தூக்கிப் பார். நல்லவனும் கெட்டவனும் அங்கேதான் தெரிவார்கள்.

பார்த்ததை ஒன்று விடாமல் எழுது. அற்பமாகத் தோன்றினாலும் எழுது.

தம்பி

*

பிப்ரவரி 10

தம்பிக்கு,

நேற்று காலை ஏழு மணிக்குப் போனோம். செண்ட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார், அப்போதும் செண்ட் அடித்தது. பேனட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. ஒரே சாவியில் பிடித்தது, புகை இல்லை, மூடியின் உள்பக்கம் சுத்தம். பெல்ட்டுக்கு ரசீது இருக்கிறது, போன வருடம் மாற்றியது. மிதி ரப்பர் தேய்ந்திருக்கிறது, மீட்டரும் அதற்கேற்ற மாதிரி அதிகமாகத்தான் காட்டுகிறது, அதில் பொய் இல்லை. நேர் சாலையில் நேராகவே போயிற்று. எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. நான் குனிந்து நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு செண்ட்டுக்காரர், "மகனுக்குப் பொண்ணு பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க" என்றார். வாண்டு சிரித்துவிட்டாள். அவள் அந்தப் பக்கம் இருந்தால் எந்த ஆயுதமும் எனக்கு உதவாது.

இனி எனக்கு உறுத்துவது. காந்தம் எல்லா இடத்திலும் பிடித்தது. ஏறும்போது கால் தாண்டுகிற படி இருக்கிறதல்லவா, கதவுக்குக் கீழே, அங்கே ஒரு கை அகலத்துக்கு வழுக்கியது. ஒரு பக்கம் என்றால் விட்டிருப்பேன், இரண்டு பக்கமும் அதே இடத்தில், அதே அகலம்.

சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் நான் மட்டும் மறுபடி போய்ப் பார்த்தேன். முன்பக்கச் சிவப்பும் பின்பக்கச் சிவப்பும் ஒன்றல்ல. கடையில் ஒரே நிறம் என்று வாங்கி வந்து தைத்த பிறகு, மேல்துணி ஒரு சுருள், கைத்துணி வேறு சுருள் என்று தெரிந்து தலையில் அடித்துக்கொள்வேனே, அந்த அளவு வித்தியாசம். செண்ட்டுக்காரர் வெயிலில் வெளுத்தது என்கிறார். வெயில் பாதி வண்டியை மட்டும் பார்த்து அடிக்குமா?

விரிப்பையும் தூக்கினேன். முன்னால் காலடியில் விரிப்புக்கு அடியில் கறுப்புப் பஞ்சு அட்டை இருக்கிறது, கம்பெனியில் போட்டது போல. இருக்கைக்குப் பின்னால் அது இல்லை. அதற்குப் பதில் ஒரு கம்பளிப் போர்வையை வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறம், பச்சைக் கரை, நல்ல கனம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வாங்குகிற ரகம். தையல் தெரியாத கை வெட்டியது, கரை கோணல்மாணலாக இருக்கிறது. உரித்துப் பார்க்கவில்லை, அவர் கூடவே நின்றார். அற்பமாக இருந்தாலும் எழுதச் சொன்னாய், அதனால் எழுதுகிறேன்.

வேறொருவரும் கேட்கிறாராம், திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். படியில் காந்தம் ஒட்டாதது பெரிய விஷயமா, சின்ன விஷயமா? அது ஒன்றைச் சொல். மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம்.

அக்கா

*

பிப்ரவரி 13

அக்காவுக்கு,

வாங்க வேண்டாம். பதினாறு வருடப் பழசுக்குப் பாகம் கிடைக்காது, ஒரு கண்ணாடி உடைந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பெட்ரோல் குடிக்கும். பெல்ட் போயிருக்கும். இரண்டு இருக்கை வண்டி குடும்பத்துக்கு ஆகாது, நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் குழந்தை என்று வந்தால் என்ன செய்வாள்? இன்சூரன்ஸ்காரன் வேறு தோலை உரிப்பான்.

படியில் காந்தம் ஒட்டாதது சின்ன விஷயம்தான். கல் தெறித்து உரசியிருக்கும், இரண்டு பக்கமும் ஒன்றாகப் பட்டி போட்டிருப்பார்கள். போர்வையும் ஒன்றுமில்லை, பழைய வண்டியில் கையில் கிடைத்ததைப் போடுவார்கள். அதை உரிக்காதே, தரை துருப்பிடிக்கும்.

ஆனால் வாங்க வேண்டாம். வேறு வண்டி நானே பார்த்துச் சொல்கிறேன். வாண்டுவிடம் மாமா சொன்னதாகச் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 16

தம்பிக்கு,

பெல்ட் போன வருடம் மாற்றியது, ரசீது இருக்கிறது என்று எழுதியிருந்தேன். நீ படிக்கவே இல்லையா, அல்லது படித்துவிட்டுக் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து எறிகிறாயா? முதல் கடிதத்தில் நீ தொழில்காரன் மாதிரி எழுதினாய். படிக்கும்போது எனக்கே ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. இந்தக் கடிதத்தில் எழுதியவனை எனக்கு நன்றாகத் தெரியும். பாதி வழி வந்துவிட்டேன் என்றவன் இவன்தான். பொய் சொல்லும்போது உனக்கு அவசரம் வந்துவிடும், ஒன்றுக்கு ஐந்து காரணம் சொல்வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஏன் என்றும் யோசித்தேன். அவள் ஆசைப்பட்டதை நான் நடத்தி வைத்தேன் என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? ஏழு வருடம் பேசாததற்குப் பழி வாங்க இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது உனக்கு. வாண்டுவிடம் மாமா சொன்னார் என்று சொன்னேன். "எந்த மாமா?" என்று கேட்டாள்.

எனக்கு இருந்த ஒரே உறுத்தல் அந்தப் படிதான். அதுவும் சின்ன விஷயம் என்று நீயே எழுதிவிட்டாய். உன் பொய்களுக்கு நடுவில் தொழில் விஷயத்தில் மட்டும் நீ பொய் சொல்ல மாட்டாய் என்று இன்னமும் நம்புகிறேன். எனவே நன்றி.

இன்று மதியம் வாங்கிவிட்டோம். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வருகிற ஞாயிறு மலைக்குப் போகிறாள். இனி எழுதாதே.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்கா,

வண்டியை நிறுத்து. வாண்டு அதில் ஏறக் கூடாது. தெருமுனை வரைக்கும்கூட. சாவியை வாங்கி உன்னிடம் வைத்துக்கொண்டு பிறகு மற்றதைப் படி.

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் எண்ணுக்கு எத்தனை தடவை அழைத்தேன் என்று எனக்கே தெரியாது. கடை எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். உன்னிடம் வேலை செய்கிற பெண் எடுத்தாள். பட்டறைத் தம்பி என்றதும், "நீங்க கூப்பிட்டா வெச்சிடச் சொல்லியிருக்காங்க சார்" என்று வைத்துவிட்டாள். மறுபடி அழைத்து, வண்டியை எடுக்க வேண்டாம் என்றாவது சொல்லும்மா என்று கெஞ்சினேன். சொன்னாளோ இல்லையோ. கூரியர்காரன் சனிக்கிழமை கிடைத்துவிடும் என்கிறான். நானே பஸ் ஏறி வரலாம் என்றால், உன் வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

அது ஒரு வண்டி இல்லை அக்கா. இரண்டு வண்டி. ஒன்று பின்னால் லாரி ஏறி நசுங்கியது, இன்னொன்று முன்னால் சுவரில் மோதியது. ஒரு தரகன் இரண்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். முன்பாதியையும் பின்பாதியையும் வெட்டி, இருக்கைக்குப் பின்னால் தரையிலும் இரண்டு பக்கப் படியிலும் வைத்து ஒட்டியிருக்கிறது. எண் முன்பாதியில் இருக்கிறது, அதனால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. சிவப்பு இரண்டாகத் தெரிந்ததும் அதனால்தான். உன் கண் தப்பவே இல்லை. நான்தான் பூசி மெழுகினேன், அன்றைக்குப் பட்டியால், இப்போது கடிதத்தால்.

ஒட்டியது நான். ஏழு வருடத்துக்கு முன்னால், இந்தக் கையால்.

உன் பத்தாம் தேதிக் கடிதத்தில் போர்வை என்று படித்ததும் அது எந்த வண்டி என்று தெரிந்துவிட்டது. சாம்பல் நிறம், பச்சைக் கரை. அன்றைக்கு நீ போனில், வார்டு ரொம்பக் குளிர்கிறது, அப்பாவுக்குக் கனமாக ஒரு போர்வை வாங்கிக்கொண்டு வா என்றாய். அன்று சாயங்காலமே வாங்கிவிட்டேன். பட்டறைக் கதவுப் பக்கத்தில் பைக்குள் வைத்திருந்தேன். கிளம்பத்தான் இருந்தேன். தரகன் வந்து நின்றான். வியாழக்கிழமை வண்டியை வெளியூருக்கு ஏற்ற வேண்டும், தெரிந்தவன் யாரும் பார்க்காத தூரத்தில்தான் விற்பான். "இந்த மாதிரி ஒட்ட உன்ன விட்டா இந்த ஊர்ல எவனும் இல்ல" என்றான். கூலிகூட அவன் அதிகம் பேசவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கினேன். எவனாலும் முடியாததை நான் செய்கிறேன் என்று ஒரு திமிர். ஒரு நாள் வேலை என்று நினைத்தேன், மூன்று நாள் இழுத்தது. நீ அழைத்தபோதெல்லாம் கையில் வெல்டிங் ராடு இருந்தது, பாதி வழி என்றேன்.

கடைசியில் தரையில் ஒட்டு மேடாகத் தெரிந்தது. மேலே போடப் பஞ்சு அட்டை இல்லை, லாரி வாசலில் நிற்கிறது. பையிலிருந்து போர்வையை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினேன். அப்பாவுக்குப் போகிற வழியில் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பசை காய்வதற்குள் நீ அழைத்து, இனி வர வேண்டாம் என்றாய்.

இதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் வாய் வரவில்லை. பதிமூன்றாம் தேதியும் வரவில்லை. எப்படியாவது வாங்காமல் தடுத்துவிட்டால் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். படி சின்ன விஷயம் என்று எழுதியது, நீ உரித்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அதுவே உன்னை வாங்க வைத்தது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல், ஆனால் வண்டியை நிறுத்து.

நேர் சாலையில் ஒன்றும் தெரியாது. நகரத்துக்குள் இத்தனை வருடம் ஓடியிருக்கலாம். மலை வளைவில் வேகமாகத் திருப்பும்போதும் இறக்கத்தில் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதும் வண்டி முறுக்கும். அந்த முறுக்கல் முழுக்க அந்தப் படியில்தான் இறங்கும். அங்கே இருப்பது பட்டியும் என் வெல்டிங்கும்தான்.

தம்பி

*

பிப்ரவரி 23

தம்பிக்கு,

வாண்டு உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன். நீ எப்படி இந்த ஐந்து நாளைக் கழித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் மூன்று மணி நேரம் கழித்தேன்.

உன் உறை சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. கடைப்பெண் நீ சொன்னதையும் சொல்லியிருந்தாள். இன்னொரு பொய்யைப் படிக்க மனமில்லாமல் உறையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். ஞாயிறு அதிகாலை அவள் கிளம்பினாள், வாசலில் நின்று கையாட்டி அனுப்பினேன். பத்து மணிக்கு ஒரு கல்யாண ஆர்டரை முடிக்கக் கடைக்கு வந்தவள், சாக்பீஸ் தேடி இழுப்பறையைத் திறந்தேன். திறந்ததும் உறை. பிரித்தேன்.

அவளுக்குப் போன் செய்தேன், ஓட்டும்போது எடுக்க மாட்டாள். விடாமல் செய்தேன். கூட்டத்தில் வேறு யார் எண்ணும் எனக்குத் தெரியாது. அந்த மலைக்கு எந்த வழியாகப் போவது என்றுகூடத் தெரியாது. தெருமுனையில் போய் நின்றேன். செருப்பு போட்டிருந்தேனா என்று நினைவில்லை. சிவப்பாக எது வந்தாலும் ஓடினேன், தபால் வண்டி வந்தாலும் ஓடினேன். ஒரு மணி பத்துக்கு வந்தாள். இறங்கும் முன்னே கண்ணாடி வழியாகச் சொன்னாள், "அம்மா, கதவு சாத்த மாட்டேங்குது. போறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி வளைவுல ஒரு சத்தம் கேட்டுச்சு, அதுலேர்ந்து இப்படி."

அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தேன். பிறகு கட்டிக்கொண்டு நடுத்தெருவில் அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இடைவெளியை அளந்தேன். கதவுக்கு மேலே நூல் நுழைய இடமில்லை, கீழே என் விரல் முழுதாகப் போயிற்று. வாங்கும்போது இரண்டும் ஒன்றாக இருந்தன, என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போர்வையை உரித்துப் பார்த்தேன். தரை முழுக்கக் குறுக்கே உன் ஒட்டு. ஒரு ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது, கீழே சாலை தெரிந்தது.

போர்வை இப்போது என் கடையில் இருக்கிறது. நீ வாங்கினாய் என்பதே எனக்கு இதுவரை தெரியாது. அப்பா கடைசி ராத்திரி என் சேலையைப் போர்த்திக்கொண்டுதான் படுத்திருந்தார். நீ வாங்கியதற்கு அழுவதா, வெட்டியதற்கு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அழுதேன்.

என் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. என் கண் இரண்டு சிவப்பைப் பார்த்தது. நான் என் கண்ணை விட்டுவிட்டு உன் எழுத்தை நம்பினேன். உறையை ஒரு ராத்திரி முழுக்க இழுப்பறையில் வைத்திருந்ததும் நான்தான்.

இன்று காலை செண்ட்டுக்காரரிடம் போனேன். தேன் எல்லாம் வற்றிவிட்டது. காகிதம் எல்லாம் சுத்தம், நான் வாங்கியபடி விற்றேன் என்கிறார். "ஒட்டு வண்டின்னா ஒட்டினவன் யாருன்னு காட்டுங்கம்மா. மலைல நீங்க இடிச்சிட்டு வந்து என் தலைல கட்டப் பாக்குறீங்களா?" என்றார். ஒட்டியவன் யார் என்று காட்ட என்னிடம் உன் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் காட்டினால் வண்டியைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும். ஆனால் உன் பட்டறை அன்றே போய்விடும், நீயும் உள்ளே போவாய்.

வாண்டுவிடம் யார் ஒட்டியது என்று இன்னும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நேரடியாகவே கேட்கிறேன். நீ எரி என்றால் கடிதத்தை எரித்துவிடுகிறேன். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். அவளுடைய இரண்டு வருட உழைப்பு போகும், நீ மிஞ்சுவாய். பெற்ற மகளை அந்த மலையில் ஏற்றி அனுப்பிய கையோடு இப்படிக் கேட்கிறேனே என்று எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு இருப்பது ஒரு தம்பிதான். என்ன செய்யட்டும், சொல்.

அக்கா

*

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

எரிக்காதே.

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்தினேன். மீதியைப் படிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

இதை வாகனப் பதிவு அலுவலகத்தின் வெளி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணிக்குத் திறப்பார்கள், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. நடந்ததை எல்லாம் ஆறு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மடியில் வைத்திருக்கிறேன். தரகன் யார், எங்கே இருக்கிறான் என்பதும் அதில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று இந்த உறையில் வருகிறது. செண்ட்டுக்காரரிடம் அதைக் காட்டு. என் பழைய கடிதத்தைக் காட்ட வேண்டாம், போர்வை விஷயம் அவருக்கு எதற்கு?

வாண்டுவிடம் நீ சொல்லாதே. நான் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அவளிடம் கொடு. படித்துவிட்டு அவள் எந்த மாமா என்று கேட்க மாட்டாள். இனி தெரிந்துவிடும். அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று அதில் கேட்கவில்லை, நீயும் சிபாரிசு செய்யாதே.

நீ என்னை மிச்சப்படுத்தப் பார்த்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் நீ திட்டுவாய். ஆனால் அக்கா, நான் உன்னிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதி கூரியர்காரன் அவசரப்படுத்தினான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த வருடம் அந்தத் தரகனுக்கு நான் ஒட்டிக் கொடுத்தது உன் மகளுடைய வண்டி ஒன்று மட்டும் இல்லை. மூன்று. இப்போது உன் கையில் இருக்கும் கடிதத்தை எரித்தால் ஒரு வண்டி இரும்புக்குப் போகும், மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்று நீல நிறம், அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான். எண் என்னிடம் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இன்னொன்றுக்கு எண் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று தெரியவில்லை, ஞாபகம் இருக்கும் அடையாளமெல்லாம் எழுதியிருக்கிறேன். வெள்ளை, நாலு கதவு, குடும்ப வண்டி. வாங்குகிறவர்கள் வெளியூரிலிருந்து பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த அம்மா கையில் குழந்தை இருந்தது. பின்னால் குழந்தை இருக்கையைக் கட்ட இரண்டு கொக்கி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். வைத்துக் கொடுத்தேன். அவர்கள் கண் முன்னாலேயே, என் ஒட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, இழுத்துப் பார்த்து, நல்லா பலமா இருக்குங்க என்று சொல்லிக் கொடுத்தேன்.

கதவு திறக்கிறார்கள். போகிறேன்.

தம்பி